புலி ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதே, எப்படி ஒளியும்?

ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “வண்டலூர் போய் வந்ததிலிருந்து என் ஏழு வயது மகன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். காடு பச்சையாக இருக்கிறது, புலி ஆரஞ்சாக இருக்கிறது, மான் கண்ணில் பட்டுவிடாதா என்று. ‘உருமறைப்பு’ என்று சொன்னேன். ‘அப்படின்னா?’ என்கிறான். அவன் அக்காவுக்குப் பத்து வயது. இரண்டு பேருக்கும் விளையாட்டுப்போல இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?”

முதலில் உங்கள் மகனுக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளக்கரை, தோப்பு, கரடு என்று பல வருடமாகச் சுற்றுகிறேன். புலியின் வரிகள் அதை மறைக்கும் என்று சொன்னால் பெரியவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நிறம் பளிச்சென்று இருக்கிறதே என்று மடக்குவது பிள்ளைகள்தான். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ‘உருமறைப்பு’ என்ற சொல்லை மட்டும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். பிள்ளைகள் விஷயத்தைக் கண்ணால் பார்த்தபிறகு பெயரைச் சொன்னால் அது ஒட்டிக்கொள்ளும். பெயரை முதலில் சொன்னால் பரீட்சைக்குப் படித்த மாதிரி ஆகிவிடும்.

வீட்டில் கண்ணாமூச்சி ஆடும்போது தொடங்குங்கள். அவன் பீரோவுக்குப் பக்கத்தில் ஒடுங்கி நிற்கிறான். வாசல் பக்கமிருந்து தேடும் அக்காவுக்குத் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அவன் முழுசாகத் தெரிகிறான். “இப்போ நீ ஒளிஞ்சிருக்கியா, இல்லையா?” என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அக்காகிட்ட இருந்து ஒளிஞ்சிருக்கேன்” என்பான். அது போதும். ஒளிவது என்றாலே யாரோ ஒருவரிடமிருந்து ஒளிவதுதான். இனி எந்தப் பிராணியைப் பார்த்தாலும், ‘இது யார் கண்ணுக்குத் தப்பப் பார்க்குது?’ என்று கேட்கப் பழக்குங்கள்.

இப்போது புலிக்கு வருவோம். புலி நம் கண்ணுக்குத் தப்பப் பார்க்கவில்லை, மானின் கண்ணுக்குத்தான். நம் கண்ணின் உள்ளே நிறத்தைப் பிரித்தறியும் செல்கள் மூன்று வகை. மான், மாடு, ஆடு, நாய் இவற்றுக்கெல்லாம் இரண்டே வகைதான். நீலத்தையும் மஞ்சளையும் பிரித்துப் பார்க்கும். சிவப்பு, ஆரஞ்சு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று பிரிக்க அவற்றால் முடியாது. (சிவப்புத் துணியைக் கண்டால் மாடு மிரளும் என்பது இதனால்தான் பொய். ஆடுகிற துணியைப் பார்த்துத்தான் மிரளுகிறது.) ஆக, நமக்கு ஆரஞ்சாகத் தெரியும் புலி, மானுக்குப் புல்லின் நிறத்திலேயே நிற்கிறது. 2019இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணினியில் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு வகைச் செல் உள்ள கண்ணுக்குப் பச்சைக் காட்டில் ஆரஞ்சு நிறமும் நல்ல மறைப்புதான் என்று தெரிந்தது.

இதை வீட்டில் காட்டுவது சுலபம். புல்லுக்குள் நிற்கும் புலியின் படம் ஒன்றைப் போனில் எடுத்துக்கொண்டு கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். மான் உலகத்தைக் கருப்பு வெள்ளையாகப் பார்ப்பதில்லை, அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது ஒரே நொடியில் விளங்கிவிடும். வரிகள் எதற்கு என்பதும் அப்போது தெரியும். கோரைப்புல்லின் நிழலும் வரியும் கலந்துபோய், உடம்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. நான் இதைச் செய்துகாட்டிய இடத்தில் ஒரு பையன், “வால் மட்டும் தெரியுது சார், புலியைக் காணோம்” என்றான்.

அடுத்த கேள்வி உடனே வரும்: “அப்போ புலி பச்சையாவே பொறந்திருக்கலாமே?” இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், பச்சை முடி உள்ள ஒரு பிராணியைச் சொல்லச் சொல்லுங்கள். நாய், பூனை, ஆடு, அணில், கரடி என்று வரிசையாக யோசிப்பார்கள். கிடைக்காது. பாலூட்டிகளின் முடிக்கு நிறம் தருவது மெலனின். அதில் இரண்டு வகை: ஒன்று கருப்பும் பழுப்பும் தரும், இன்னொன்று மஞ்சளும் செம்மையும் தரும். பச்சை தருகிற சாயம் பாலூட்டிகளின் முடியில் கிடையாது. தென்னமெரிக்காவில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் என்ற சோம்பல் பிராணி பச்சையாகத் தெரியும். அதன் முடியில் பாசி வளர்வதால் வரும் பச்சை அது. இதைச் சொன்னால் எல்லாக் குழந்தைகளும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், இருந்தாலும் மறக்கவே மாட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. முதுமலைப் பக்கம் புள்ளிமான் கூட்டம் மேய்கிற இடத்தில், மேலே மரத்தில் சாம்பல் மந்திகள் உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். மந்திகளுக்கு நம்மைப்போல மூன்று வகைச் செல்கள். உயரத்திலும் இருக்கின்றன. மானுக்குத் தெரியாத ஆரஞ்சு நிறம் மந்திக்குத் தெரியும். புலியைக் கண்டதும் ஒரு மந்தி குரைப்பதுபோல அபாயக் குரல் எழுப்பும். கீழே மான்கள் தலை தூக்கிவிடும். பீரோவும் பாட்டியும் கதைதான் இது. அக்கா கண்ணுக்குத் தப்பியவன் பாட்டி கண்ணுக்குத் தப்பவில்லை. இந்த ஒப்பீட்டை நீங்கள் சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் காத்திருந்தால் உங்கள் மகனே சொல்லிவிடுவான்.

காட்டுக்குப் போக முடியாவிட்டாலும் குறையில்லை. கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சைச் செடியோ தொட்டியில் இருந்தால் போதும். பள்ளிக்கூடத்துப் பாடத்தைவிட அதில் அதிகம் கற்றுக்கொள்ளலாம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். இலையின் மேல் காக்கா எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாகச் சின்னதாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ‘எச்சம்’ நகரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. குருவிக்குப் புழு பிடிக்கும், எச்சத்தைத் தின்ன எந்தக் குருவியும் வராது. தினமும் பார்த்து வாருங்கள். வளர்ந்ததும் ஒரு நாள் தோலை உரித்துவிட்டு இலைப்பச்சைக்கு மாறியிருக்கும். “ஏன் மாறுச்சு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு சிறுமி எனக்குச் சொன்ன பதிலைவிட நல்ல பதிலை நான் கேட்டதில்லை: “அவ்ளோ பெரிய எச்சம் போடுற குருவி ஏது?”

அந்தப் பச்சைப் புழுவை ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டை மாதிரி ஒரு கொம்பு வெளியே வரும், கூடவே ஒரு நாற்றமும். மறைவது பலிக்காதபோது பயமுறுத்துவது. பிறகு அது கூட்டுப்புழு ஆகும்போது இன்னொரு வேடிக்கை: பச்சைத் தண்டில் கட்டிக்கொண்டால் பெரும்பாலும் பச்சைக் கூடு, காய்ந்த குச்சியில் கட்டிக்கொண்டால் பழுப்புக் கூடு. ஒரே செடியில் ஒரு மாதத்துக்குள் இத்தனையும் நடக்கும். மருந்து மட்டும் அடிக்காமல் இருக்க வேண்டும். கறிவேப்பிலை நாலு கொத்து போனால் போகட்டும்.

தெருவில் மாமரம் இருந்தால் அதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். ‘காமன் பேரன்’ (Common Baron) என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு மாவிலையின் நடு நரம்பின்மேல் நேராகப் படுத்திருக்கும். அதன் முதுகில் ஓடும் மஞ்சள் கோடு நரம்போடு நரம்பாகச் சேர்ந்துவிடும், பக்கவாட்டு முட்கள் கிளை நரம்புகள்போல விரிந்து இலையோடு படிந்துவிடும். கொஞ்சம் குறுக்கே திரும்பிப் படுத்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். நிறம் மட்டும் பொருந்தினால் போதாது, எந்தப் பக்கம் பார்த்துப் படுப்பது என்பதும் சேர்ந்துதான் மறைப்பு. இந்தப் புழுவை நான் தேடிக் கண்டுபிடித்ததைவிட, என்னோடு வந்த பிள்ளைகள் கண்டுபிடித்ததுதான் அதிகம்.

மீன் கடைக்குப் போகும்போது இன்னொன்றைக் காட்டலாம். வஞ்சிரமோ சூரையோ, முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலேயிருந்து பார்ப்பவனுக்கு முதுகு ஆழக்கடலின் இருட்டோடு கலந்துவிடும். கீழேயிருந்து பார்ப்பவனுக்கு வயிறு மேல்மட்ட வெளிச்சத்தோடு கலந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு எலுமிச்சம்பழத்தை வெயிலில் வைத்துப் பாருங்கள். மேல்பக்கம் வெளிச்சம், கீழ்ப்பக்கம் நிழல். இந்த நிழலை வைத்துத்தான் ஒரு பொருள் உருண்டையா, தட்டையா என்று கண் கண்டுபிடிக்கிறது. மேலே கருமையும் கீழே வெளுப்புமாக உடம்பு இருந்தால் அந்த நிழல் ஈடுகட்டப்பட்டு உடம்பு தட்டையாகத் தெரியும். மானின் வயிறு வெளுத்திருப்பதற்கும் இதே விளக்கத்தைச் சொல்வார்கள். 1896இல் இதை முதலில் தெளிவாக எழுதியவர் ஆபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். நிழல் போட்டு உருண்டையாகக் காட்டுவதே ஓவியரின் தொழில், அதனால் நிழலை அழித்துத் தட்டையாகக் காட்டும் வித்தையும் அவர் கண்ணில் பட்டது. உங்கள் மகளுக்கு வரைவதில் ஆர்வம் இருந்தால் இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பச்சோந்தியைப் பற்றிக் கேட்காத குழந்தை இல்லை. இங்கேதான் பெரியவர்களே தவறாகச் சொல்லிக்கொடுக்கிறோம். சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகும், கட்டம் போட்ட சட்டையில் விட்டால் கட்டம் கட்டமாகும் என்பதெல்லாம் கார்ட்டூனில் நடப்பது. பச்சோந்தி அமைதியாக இருக்கும்போது பச்சையாகவே இருக்கிறது. அதுதான் அதன் ஒளிவிடம். கோபம் வந்தால், போட்டி ஆண் எதிரே வந்தால், குளிர் எடுத்தால் நிறம் மாறும். போட்டிக்காரனுக்கு முன்னால் அது மாறுவது ஒளிந்துகொள்வதற்கு இல்லை, ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்று காட்டிக்கொள்வதற்கு. நம் தோட்டத்து ஓணான் இனப்பெருக்கக் காலத்தில் தலையைச் சிவப்பாக்கிக்கொண்டு வேலிமேல் தண்டால் எடுப்பதும் அப்படித்தான். பேச்சு மாற்றுகிற மனிதர்களைப் பச்சோந்தி என்று நாம் திட்டுவது அந்தப் பிராணிக்குச் செய்யும் அநியாயம். மனதில் இருப்பதை அப்படியே உடம்பில் எழுதிக் காட்டுகிற பிராணி அது.

அது நிறம் மாறுகிற விதத்தை 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். தோலுக்குள் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நெருக்கமாக இருந்தால் நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். தோலில் ஏற்கெனவே இருக்கும் மஞ்சளோடு அந்த நீலம் சேர்ந்து பச்சை ஆகிறது. படிகங்கள் விலகினால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். சாயமே இல்லாமல் நிறம் எப்படி வரும் என்று பிள்ளைகள் முழிப்பார்கள். சோப்புக் குமிழி ஊதிக் காட்டுங்கள். சோப்புத் தண்ணீரில் எந்தச் சாயமும் இல்லை, குமிழியில் வானவில்லே ஓடும்.

நொடியில் மாறும் உண்மையான மறைப்பு வீரனைப் பார்க்க வேண்டுமென்றால் கடலுக்குப் போக வேண்டும். ஓட்டுக் கணவாயும், பேய்க் கணவாய் என்கிற ஆக்டோபஸும்தான் இதில் ஆசான்கள். தோலில் ஆயிரக்கணக்கான சின்னச் சாயப் பைகள். ஒவ்வொன்றையும் சுற்றிலும் தசைகள், அவற்றுக்கு மூளையிலிருந்து நேரே நரம்புகள். தசை இழுத்தால் பை விரியும், விட்டால் புள்ளியாகச் சுருங்கும். ஊதாத பலூனில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு ஊதச் சொல்லுங்கள், காற்றை விடச் சொல்லுங்கள். கணவாயின் தோல் அதுதான். விடியற்காலையில் கரைக்கு வந்து இறங்கும் ஊசிக் கணவாயின் மேல் புள்ளிகள் இன்னும் மின்னி மின்னி மறைவதைப் பார்க்கலாம். ஆய்வகத்தில் சதுரங்கப் பலகை மாதிரி கருப்பு வெள்ளைக் கட்டங்கள்மேல் ஓட்டுக் கணவாயை விட்டால், முதுகில் வெள்ளையாக ஒரு கட்டத்தைக் கொண்டுவந்துவிடும். இத்தனையும் செய்கிற அதற்கு நிறமே தெரியாது. கண்ணில் ஒரே வகைச் செல்தான். அதைத் தின்ன வரும் மீன்களுக்கு நிறம் தெரியும். தான் பார்க்கவே முடியாத நிறத்தில், பிறர் கண்ணுக்காக உடுத்திக்கொள்கிறது.

இங்கே வரும்போது உங்கள் மகள் கேட்பாள்: “இதையெல்லாம் அதுங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?” இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். ‘புலி ஒளிஞ்சுக்கறதுக்காக வரி போட்டுக்கிச்சு’ என்று நாம் வாய்தவறிச் சொல்வது, பின்னால் பள்ளியில் பரிணாமம் படிக்கும்போது பெரிய முள்ளாகக் குத்தும். வார்த்தையால் விளக்குவதைவிட ஒரு விளையாட்டு ஆடிவிடலாம்.

பச்சை, பழுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று நான்கு நிறத்தில் உல்லன் நூல் வாங்கி, விரல் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நிறத்துக்கு இருபது. பிள்ளைகள் திரும்பி நிற்கும்போது புல்தரையில் தூவுங்கள். நூல்கள்தான் புழுக்கள், பிள்ளைகள்தான் குருவிகள். இரண்டு விரல்தான் அலகு, ஒரு தடவைக்கு ஒரு புழு, நேரம் இருபது விநாடி. முடிந்ததும் கிடைத்தவற்றை எண்ணிக் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்திலும் பிழைத்திருக்கும் ஒவ்வொரு புழுவும் ஒரு குட்டி போடுகிறது என்று வைத்துக்கொண்டு, அதே நிறத்தில் ஒரு நூலைச் சேர்த்துத் தூவுங்கள். மறுபடியும் குருவிகள் வரட்டும். மூன்று சுற்று, நான்கு சுற்று. சிவப்பும் மஞ்சளும் கிட்டத்தட்டக் காணாமல் போய், புல்தரை முழுக்கப் பச்சைப் புழுவாகிவிடும். பிறகு இதையே செம்மண் தரையில் ஆடுங்கள். அங்கே வேறு நிறம் ஜெயிக்கும். கணக்கை நோட்டில் எழுதும் வேலையைப் பத்து வயது அக்காவிடம் கொடுங்கள்.

ஆடி முடித்து உட்கார்ந்திருந்தபோது ஒரு சிறுமி சொன்னாள்: “பச்சை நூல் ஒண்ணுமே பண்ணலையே. சும்மாதானே கிடந்துச்சு.” அதேதான். புழு எதையும் திட்டமிடவில்லை. குருவி கண்ணில் படாதது பிழைத்தது, பிழைத்தது குட்டி போட்டது.

இது நிஜத்திலும் நடந்தது என்று சொல்ல இங்கிலாந்தின் மான்செஸ்டர் கதை இருக்கிறது. அங்கே உப்பும் மிளகும் தூவியதுபோல வெளுத்த நிறத்தில் ஒரு அந்துப்பூச்சி உண்டு. பகலில் வெளுத்த பாசி படிந்த மரப்பட்டையில் உட்கார்ந்தால் தெரியாது. ஆலைகள் பெருகி, கரிப்புகை படிந்து, பாசி செத்து மரங்கள் கருத்தன. 1848இல் அங்கே கருப்பு நிறத்தில் ஒன்று பதிவானது. 1895 வாக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கருப்பாகிவிட்டன. 1956இல் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. மரங்கள் மெல்ல வெளுத்தன, பூச்சிகளில் வெளுத்தவை மறுபடி பெருகின. குருவிகள்தான் காரணமா என்ற சந்தேகத்தைத் தீர்க்க மைக்கேல் மஜெரஸ் என்ற விஞ்ஞானி 2001இலிருந்து ஆறு வருடம் கேம்பிரிட்ஜில் 4,864 பூச்சிகளை விட்டுப் பார்த்தார். புகை நீங்கிய அந்த இடத்தில் கருப்புப் பூச்சிகளைத்தான் பறவைகள் அதிகமாகத் தின்றன. செம்மண்ணில் நூல் பொறுக்கிய பிள்ளைகளுக்கு இந்தக் கதை உடனே பிடிபடும்.

வரிக்குதிரையையும் கேட்பார்கள். அதன் வரி மறைவதற்கானது என்று சொல்லிவிடாதீர்கள். வரி போட்ட உடம்பில் கடிக்கும் ஈக்களால் சரியாக இறங்க முடியவில்லை என்பதற்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. குதிரைகளுக்கு வரிபோட்ட போர்வை போர்த்தியே 2019இல் சோதித்துவிட்டார்கள்.

வெளியே கூட்டிப் போகும்போது ஒரு எச்சரிக்கை. கோடையில் தரிசு நிலத்தில் ஆள்காட்டிக் குருவி தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றினால் அப்படியே நின்றுவிடுங்கள். காலடியில் கூழாங்கல் மாதிரி அதன் முட்டைகள் கிடக்கும். தேடவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். வந்த வழியே திரும்பிவிடுங்கள், நாம் நிற்கும் நேரமெல்லாம் அவை வெயிலில் வேகும். சருகுக்குள் உட்கார்ந்திருக்கும் பக்கிக்குருவியும் அப்படித்தான். விரட்டிப் பறக்கவிட்டால் அதற்குப் பகல் முழுக்கப் பிழைப்புக் கெடும். அந்தப் பறவை நமக்குச் சொல்லித்தருவது அசையாமல் இருப்பதை. வீட்டுக்கு வந்து ‘ஸ்டேச்சு’ ஆடுங்கள். அசைந்தவன் அகப்பட்டான் என்பது அதைவிட நன்றாக வேறெதிலும் புரியாது.

என் அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு நாள் இரவு பச்சைப் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு செடிப் பக்கமாக உட்கார்ந்திருந்தான். என்னடா என்றால், “கொசுகிட்ட இருந்து ஒளிஞ்சிருக்கேன் மாமா” என்றான். கொசு நம்மைத் தூரத்திலிருந்து கண்டுபிடிப்பது நாம் விடும் மூச்சுக்காற்றை வைத்து, கிட்டே வந்ததும் உடம்புச் சூட்டையும் வாசனையையும் வைத்து என்று சொன்னேன். உடனே மூச்சை அடக்கிக்கொண்டான். சிரிப்பை அடக்கிக்கொண்டு வௌவாலைப் பற்றிச் சொன்னேன். அது இருட்டில் குரல் எழுப்பி, எதிரொலியை வைத்து அந்துப்பூச்சியைப் பிடிக்கிறது. அதற்குத் தப்ப, சில அந்துப்பூச்சிகளின் இறக்கைச் செதில்கள் அந்தச் சத்தத்தை உறிஞ்சிக்கொள்கின்றன என்று 2020இல் பிரிஸ்டலில் கண்டுபிடித்தார்கள். போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

“அப்போ அது வௌவாலோட காதுகிட்ட இருந்து ஒளியுதா?”